சகுரா பார்க்க எங்கே போவது?

மலேசியாவில் வசந்த காலம் கிடையாது. வெயில் இருக்கிறது, மழை இருக்கிறது, சில வருடங்களில் புகைமூட்டமும் இருக்கிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளையும் பள்ளியில் வரிசை தப்பாமல் ஒப்பித்திருக்கிறோம். வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே அவற்றில் பாதியைக்கூடப் பார்த்ததில்லை. இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். அதாவது ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை. அந்தக் கணக்கில் பார்த்தால் நம் இளவேனில் தொடங்கும்போது டோக்கியோவில் சகுரா உதிர்ந்து, தரையோடு ஒட்டிக் காய்ந்திருக்கும்.

ஆனாலும் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆபிஸ் சாப்பாட்டு மேசையில் 'ஸ்பிரிங் டிரிப்' பேச்சு தொடங்கிவிடுகிறது. 2013 ஜூலையில் மலேசியர்களுக்கு ஜப்பான் விசா விலக்கு கொடுத்தது. அதற்குப் பிறகு சகுரா பார்ப்பது பணக்காரர்களின் விஷயமாக இல்லாமல் போனது. சம்பளத்தில் மாதம் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் எங்களைப் போன்றவர்களும் போகலாம். போக முடியாதவர்களுக்கு சாலையோரத்து டெக்கோமா மரம் இருக்கவே இருக்கிறது. கொஞ்ச நாள் வறண்டு பிறகு மழை பெய்தால் அது இலையுதிர்த்து இளஞ்சிவப்பாகப் பூக்கும். உடனே வாட்ஸ்அப்பில் 'மலேசியா சகுரா' என்று படம் வரும். அந்த மரமும் நம் ஊர் மரமில்லை. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்தது.

இந்த வருடம் நாங்கள் நான்கு பேர். கையில் பத்து நாள் லீவு. பட்டியலில் மூன்று இடங்கள்: டோக்கியோ, தென் கொரியா, வாஷிங்டன். வாஷிங்டன் வந்ததற்குக் காரணம், ஒரு நண்பனின் அக்கா அங்கே இருக்கிறார், தங்கும் செலவு மிச்சம். ஒப்பிட்டு எக்செல் போடும் வேலை வழக்கம்போல எனக்கு. விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, பூக்கும் தேதி என்று தலைப்புகள் போட்டுக்கொண்டே வந்தபோது, கடைசியில் நானாக ஒன்றைச் சேர்த்தேன்: 'மரத்தை நட்டது யார்?' மற்ற எல்லாக் கட்டங்களும் ஒரே இரவில் நிரம்பிவிட்டன. இந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டு மாதம் வாசிக்க வேண்டியிருந்தது.

*

ஜப்பானியர்கள் ஆதியிலிருந்தே சகுராவைக் கொண்டாடியவர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நாரா காலத்து அரசவையில் செல்வாக்கோடு இருந்தது சகுரா இல்லை, சீனத்திலிருந்து வந்த பிளம் பூ. எட்டாம் நூற்றாண்டின் கவிதைத் தொகுப்பான 'மன்யோஷூ'வில் சகுராவைவிட பிளம் பற்றிய பாடல்களே அதிகம். தலைநகர் கியோத்தோவுக்கு மாறிய பிறகுதான் சகுரா மேலே வருகிறது. 812இல் சாகா பேரரசர் அங்கே ஒரு பூ விருந்து வைத்தார். பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட 'கொக்கின்ஷூ'வுக்கு வரும்போது 'பூ' என்று சும்மா சொன்னாலே அது சகுரா என்றாகிவிட்டது.

அந்த 812 பொறியாளர்களுக்கு முக்கியமான எண். அரசர்களும் பிரபுக்களும் துறவிகளும் எழுதிய நாட்குறிப்புகளைத் தோண்டி, கியோத்தோவில் பூ எந்தத் தேதியில் முழுதாக மலர்ந்தது என்ற பட்டியலை அந்த ஆண்டிலிருந்து அவோனோ யசுயுக்கி என்ற ஆய்வாளர் திரட்டினார். இடையில் விடுபட்ட ஆண்டுகள் உண்டு. ஆனாலும் 1,200 வருடத் தரவு. உலகத்தில் வேறெந்த மரத்துக்கும் இவ்வளவு நீண்ட குறிப்பு கிடைப்பது கஷ்டம். 2021இல் கியோத்தோவில் பூ உச்சத்தைத் தொட்டது மார்ச் 26. அதற்கு முந்தைய சாதனை 1409ஆம் ஆண்டின் மார்ச் 27. விருந்துக்கும் கவிதைக்கும் தேதி குறித்து வைத்தவர்கள், அறியாமலே பருவநிலை மாற்றத்துக்கு சாட்சி எழுதி வைத்திருக்கிறார்கள்.

பூ பார்ப்பது அரசியல் காட்சியாகவும் இருந்தது. தொயொத்தோமி ஹிதேயோஷி 1594இல் சுமார் 5,000 பேரைத் திரட்டிக்கொண்டு யோஷினோ மலைக்குப் பூ பார்க்கப் போனார். 1598 வசந்தத்தில் கியோத்தோவின் தாய்கோஜி கோயிலில், வேறிடங்களிலிருந்து மரங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டு, 1,300 பேருடன் இன்னொரு விருந்து வைத்தார். அதே நேரத்தில் அவருடைய படைகள் கொரியாவில் இருந்தன. 1592இல் தொடங்கிய அந்தப் படையெடுப்பு ஹிதேயோஷி இறந்த பிறகுதான் முடிந்தது. தாய்கோஜி விருந்து நடந்த அதே வருடம் செப்டம்பரில் அவர் இறந்தார். இன்றைக்கு தாய்கோஜி கியோத்தோவின் முக்கியமான சகுரா இடங்களில் ஒன்று.

பொதுமக்களுக்காக மரம் நட்டவர் என்றால் எட்டாவது ஷோகுன் தொக்குகாவா யொஷிமுனேயைச் சொல்ல வேண்டும். 1720களில் எடோவின் அசுக்காயாமா குன்றிலும் சுமிதா ஆற்றங்கரையிலும் மரங்களை நட வைத்தார். சாதாரண ஆட்கள் பாய் விரித்து, சாப்பாடு கட்டிக்கொண்டு போய்க் குடித்துப் பாடி ஆட இடம் கிடைத்தது. ஆற்றங்கரையில் நட்டதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: பூ பார்க்க வரும் கூட்டம் மிதித்து மிதித்துக் கரை இறுகும், வெள்ளத்துக்குத் தாங்கும். உண்மையோ இல்லையோ, சிவில் படித்த என் நண்பனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. சம்பளம் கொடுக்காமல் மண்ணை இறுக்க வைத்த மன்னன் என்றான்.

*

இன்று நாம் படங்களில் பார்க்கும் சகுரா இவர்கள் யாரும் பார்த்த சகுரா இல்லை. ஹிதேயோஷி பார்த்தது மலைச் சகுரா. இலையும் பூவும் சேர்ந்தே வரும், மரத்துக்கு மரம் பூக்கும் நாள் மாறும். இலை வருவதற்கு முன் கிளை முழுக்கப் பூவாகி, ஊரே ஒரே நாளில் வெளுத்துப்போகும் அந்த வகைக்குப் பெயர் சொமேய் யோஷினோ. எடோ காலத்தின் கடைசியில், இன்றைய டோக்கியோவுக்குள் அடங்கிவிட்ட சொமேய் என்ற நாற்றங்கால் கிராமத்திலிருந்து பரவியது. புகழ்பெற்ற யோஷினோ மலையின் பெயரைச் சொல்லி வியாபாரிகள் விற்றார்கள். அந்த மலைக்கும் இந்த மரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்த பிறகு, 1900இல்தான் ஊர்ப் பெயரையும் சேர்த்து சொமேய் யோஷினோ என்றார்கள்.

இது விதையில் பெருகுவதில்லை. ஒட்டுக்கட்டித்தான் வளர்க்க வேண்டும். மரபணுச் சோதனையில் தெரிந்தது என்னவென்றால், எல்லா சொமேய் யோஷினோவும் ஒரே மரத்தின் நகல்கள். அதனால்தான் ஒரு தெருவில் நூறு மரம் இருந்தாலும் நூறும் ஒன்றாக மலர்ந்து ஒன்றாக உதிர்கின்றன. மொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகிவிடும். பிறகு தூங்கிவிடும். குளிர் போதுமான நாள் நீடித்தால்தான் அந்தத் தூக்கம் கலையும். ஜப்பானில் எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வாருங்கள், 600 பாகையைத் தொடும் வாக்கில் பூ வரும். கோலாலம்பூரில் ஒரு நாளின் உச்சம் 33 பாகை என்று வைத்தால் பத்தொன்பது நாளில் 600 தாண்டிவிடும். ஆனால் குளிரே இல்லாததால் மொட்டு விழிக்காது. இங்கே சகுரா வளராததற்குக் காரணம் அவ்வளவுதான். சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டத்தில் அதைக் காட்ட ஒரு கண்ணாடி மண்டபம் முழுவதையும் குளிரூட்ட வேண்டியிருக்கிறது.

ஒரே நகல், மலிவு, சீக்கிரம் வளரும், ஒரே நாளில் பூக்கும். மெய்ஜி அரசுக்கு இதைவிடப் பொருத்தமான மரம் கிடைத்திருக்காது. பழைய பிரபுக்களின் கோட்டை மைதானங்களிலும் பள்ளிகளிலும் படை முகாம்களிலும் நட்டார்கள். 1904-05இல் ரஷ்யாவுடனான போரில் வென்ற பிறகு நினைவு மரங்களாக நட்டார்கள். ஊருக்கு ஊர் வேறு வேறு நாளில் வேறு வேறு நிறத்தில் வந்துகொண்டிருந்த வசந்தம், நாடு முழுக்க ஒரே சீருடையில் வர ஆரம்பித்தது.

1869இல் போரில் இறந்தவர்களுக்காக டோக்கியோவில் ஒரு ஷிந்தோ ஆலயம் எழுப்பப்பட்டது. அதுதான் பின்னாளில் யாசுக்குனி. அடுத்த வருடமே அங்கே சகுரா நட்டார்கள். சக்கரவர்த்திக்காக சகுரா போல உதிர்வது என்ற பேச்சு பிறகு பாடப் புத்தகத்துக்கும் படைப் பாட்டுக்கும் போனது. 1944 அக்டோபரில் கிளம்பிய முதல் தற்கொலை விமானப் பிரிவுகளில் ஒன்றின் பெயர் யாமாசகுரா, மலைச் சகுரா. மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டிப் போய் மோத வேண்டிய ராக்கெட் குண்டுக்கு வைத்த பெயர் ஓக்கா, சகுரா மலர். அதன் பக்கவாட்டில் ஒரு பூவும் வரைந்திருந்தார்கள். அந்த விமானிகளில் பலர் பல்கலைக்கழக மாணவர்கள், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர்கள். அவர்களுடைய நாட்குறிப்புகளை வாசித்து ஆராய்ந்த மானுடவியலாளர் எமிக்கோ ஓனுக்கி-டியர்னி, அவர்களை வெறியர்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது என்று காட்டுகிறார். தத்துவமும் நாவலும் படித்தவர்கள், சந்தேகப்பட்டவர்கள், சாக விரும்பாதவர்கள். சகுராவில் அவர்கள் பார்த்த அழகும் அரசு அதில் ஏற்றிய பொருளும் ஒன்றில்லை. ஆனால் பூ ஒன்றாகவே இருந்ததால் வித்தியாசம் வெளியே தெரியவில்லை.

இப்போது டோக்கியோவில் சகுரா மலர்ந்துவிட்டது என்று எப்படி அறிவிக்கிறார்கள் தெரியுமா? வானிலை ஆய்வு மையம் ஒரு மாதிரி மரத்தை வைத்திருக்கிறது. அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்து எண்ணுவார். ஐந்தாறு பூ விரிந்திருந்தால் 'மலர்ந்தது' என்று அறிவிப்பார். தொலைக்காட்சிக் கேமராக்கள் சுற்றி நிற்கும். நம் விமான டிக்கெட் விலையெல்லாம் ஒருவகையில் அந்த மரத்தைப் பார்த்துத்தான் ஏறி இறங்குகிறது. அந்த மாதிரி மரம் நிற்பது யாசுக்குனி வளாகத்துக்குள்.

*

இரண்டாவது இடம் கொரியா. ஜப்பானைவிட செலவு குறைவு, கே-டிராமா பார்த்த பழக்கம், உணவும் தெரிந்தது. எங்களில் இரண்டு பேருடைய ஓட்டு இதற்குத்தான்.

சோலில் சாங்க்யோங்குங் என்று ஓர் அரண்மனை இருக்கிறது. ஹிதேயோஷியின் படையெடுப்பின்போது 1592இல் எரிந்து, பிறகு திரும்பக் கட்டியது. 1909இல், கொரியா ஜப்பானின் பிடிக்குள் போய்க்கொண்டிருந்த காலத்தில், அந்த அரண்மனைக்குள் மிருகக்காட்சிச் சாலையும் தாவரத் தோட்டமும் திறந்தார்கள். 1911இல் பெயரையும் மாற்றினார்கள். அரண்மனையைக் குறிக்கும் 'குங்' போய், தோட்டத்தைக் குறிக்கும் 'வோன்' வந்தது. உள்ளே ஆயிரக்கணக்கில் சகுரா நட்டார்கள். 1924 முதல் இரவில் விளக்குப் போட்டு மக்களை அனுமதித்தார்கள். அரசர்கள் வாழ்ந்த முற்றத்தில் கூட்டம் பூ பார்த்தது, குரங்கு பார்த்தது.

விடுதலைக்குப் பிறகு உடனே எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்தால் தப்பு. 1945க்குப் பிறகும் பல பத்தாண்டுகள் சோல் மக்கள் அங்கேதான் குடும்பத்தோடு சகுரா பார்க்கப் போனார்கள். இனிய குழந்தைப் பருவ நினைவுகள் பலருக்கு அந்த இடத்தைச் சுற்றித்தான். 1983இல்தான் அரண்மனைக்குப் பழைய பெயர் திரும்பியது. மிருகங்கள் நகரத்துக்கு வெளியே புதுப் பூங்காவுக்குப் போயின. சகுரா மரங்களை வெட்டிப் போடாமல் பெயர்த்தெடுத்தார்கள். ஒரு பகுதி யோய்தோ தீவுக்குப் போனது. நாடாளுமன்றத்துக்குப் பின்னால் இன்று சோலின் மிக நெரிசலான சகுரா சாலை அதுதான்.

தெற்கே ஜின்ஹே இன்னும் விசித்திரம். ஜப்பானியக் கடற்படை அமைத்த துறைமுக ஊர் அது. மரங்களையும் அவர்களே நட்டார்கள். விடுதலைக்குப் பின் அவமானச் சின்னம் என்று மக்கள் நிறைய மரங்களை வெட்டினார்கள். 1960களில் திரும்ப நட்டார்கள். நடுவில் என்ன நடந்தது? ஜேஜு தீவின் ஹல்லா மலையில் 1908இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் காட்டுச் சகுரா ஒன்றைச் சேகரித்திருந்தார். சொமேய் யோஷினோவின் பூர்வீகமே ஜேஜுதான், ஆகவே இது எங்கள் மரம் என்று வாதம் கிளம்பியது. மரம் எங்களுடையது என்றால் நடுவதில் வெட்கம் இல்லையல்லவா? 2018இல் கொரிய ஆய்வாளர்களே மரபணுவை முழுதாக வரிசைப்படுத்திப் பார்த்து, ஜேஜு மரமும் சொமேய் யோஷினோவும் வேறு வேறு என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக யாரும் கோடாரி எடுக்கவில்லை.

ஜின்ஹே திருவிழாவின் தொடக்கத்தைப் பார்த்தால் அது பூவுக்காக ஆரம்பித்ததே இல்லை. 1952இல் அங்கே தளபதி யி சுன்-சின்னுக்குச் சிலை வைத்து நினைவஞ்சலி நடத்தியதுதான் ஆரம்பம். ஹிதேயோஷியின் கப்பல்களைக் கடலில் தோற்கடித்தவர் அவர். தாய்கோஜியில் பூ விருந்து நடந்த அதே 1598இன் கடைசியில், நோர்யாங் கடற்போரில் உயிர் விட்டார். அவருடைய பெயரால் தொடங்கிய விழாவுக்கு ஜப்பான் பரப்பிய மரத்தின் கீழே இன்று கூட்டம் அலைமோதுகிறது. வெட்டினார்கள், உரிமை கொண்டாடினார்கள், கடைசியில் பழகிவிட்டார்கள்.

*

மூன்றாவது வாஷிங்டன். எலைசா சிட்மோர் என்ற பயண எழுத்தாளர் ஜப்பானிலிருந்து திரும்பி 1885 முதல் அதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்: போட்டோமாக் ஆற்றங்கரையில் சகுரா நடலாமே என்று. இருபது வருடத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை. அதிபர் டாஃப்டின் மனைவி ஹெலன் டாஃப்ட் 1909இல் அதைக் கையில் எடுத்த பிறகு டோக்கியோ நகரம் 2,000 மரங்களை அன்பளிப்பாக அனுப்பியது. வந்து சேர்ந்த மரங்களில் பூச்சியும் நோயும் இருந்ததால் 1910 ஜனவரியில் அத்தனையையும் எரித்தார்கள். இரண்டு நாட்டுக்கும் சங்கடம். 1912இல் திரும்ப 3,020 மரங்கள் வந்தன. அவற்றில் 1,800 சொமேய் யோஷினோ. மார்ச் 27 அன்று முதல் இரண்டு மரங்களை ஹெலன் டாஃப்டும் ஜப்பானியத் தூதரின் மனைவியும் நட்டார்கள்.

பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு நான்கு நாள் கழித்து, 1941 டிசம்பர் 11 அன்று, யாரோ நான்கு மரங்களை வெட்டிவிட்டார்கள். மீதி மரங்களைக் காப்பாற்ற, போர் முடியும்வரை 'ஜப்பானிய' என்ற அடைமொழியை விட்டுவிட்டு 'கிழக்கத்திய' சகுரா என்று அழைத்தார்கள். பெயரை மாற்றி மரத்தைக் காப்பாற்றிய கதை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பிறகு வருகிறது. 1912இல் அனுப்பிய கன்றுகளுக்கு ஒட்டுக்கிளை எடுத்தது டோக்கியோவின் அரக்காவா ஆற்றங்கரை மரங்களிலிருந்து. போர்க்காலத்தில் அந்தத் தாய்மரங்கள் கவனிப்பார் இல்லாமல் நலிந்தன. ஜப்பான் உதவி கேட்டது. 1952இல் வாஷிங்டன் மரங்களிலிருந்து கிளை வெட்டி டோக்கியோவுக்கு அனுப்பினார்கள். மகள் கொடுத்த கிளையிலிருந்து தாய் திரும்பி வந்தது.

ஆக வாஷிங்டன் கட்டத்தில் எழுத நல்ல விஷயம்தான் கிடைத்தது. நண்பர்களிடம் மூன்றையும் சொன்னேன். "எல்லாத்தையும் இப்படி நோண்டினா எங்கயும் போக முடியாது ப்ரோ" என்றான் ஒருவன். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. யார் நட்டார்கள் என்று பார்த்து ஒதுக்குவதென்றால் நாம் முதலில் ஒதுக்க வேண்டியது பால்மரம். பிரேசிலிலிருந்து 1876இல் ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அடுத்த வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அந்த மரம் இங்கே வராமல் இருந்திருந்தால் நம்மில் பெரும்பாலானவர்கள் இங்கே பிறந்திருக்க மாட்டோம். நட்டவனின் கணக்கு ஒன்று, அதன் நிழலில் வளர்ந்தவனின் வாழ்க்கை இன்னொன்று. கொரியர்கள் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

*

நண்பனிடம் ஒத்துக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் பாட்டியிடம் என்ன சொல்வது?

என் பாட்டி சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் வந்தபோது நாலு வயது. 1941 டிசம்பர் 8இல் அவர்கள் கோத்தா பாருவில் தரையிறங்கியது பேர்ல் ஹார்பருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னால். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது, அதற்கு ஷோனான் என்று பெயர் வைத்தார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்களில் சம்பளம் நின்றது. பிறகு சயாமுக்கு ஆள் எடுத்தார்கள். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 600க்கும் மேற்பட்ட பாலங்கள். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். காடும் மலையும் கொண்ட இடத்தில் அவ்வளவு வேகம் எப்படி வந்தது என்று கேட்டால், பதில் மண்வெட்டியும் கூடையும்தான். நான் வேலையில் பார்க்கும் கால அட்டவணைகளில் ஆட்களை ஒரு வரியாக எழுதுவோம். அங்கே அந்த வரி செத்துக்கொண்டே இருந்தது, புது ஆட்களைக் கொண்டு வந்து நிரப்பினார்கள்.

மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் போனதாகக் கணக்குகள் சொல்கின்றன. பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். வாந்திபேதி, மலேரியா, பசி. நேச நாட்டுப் போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர், இறந்தவர்கள் 12,000க்கும் மேல். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் புல் வெட்டிப் பராமரிக்கும் கல்லறைகள் இருக்கின்றன, பெயர் பொறித்து. நம் ஆட்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதிலேயே ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களை வாசித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வாசிக்காதவர்கள் தேடிப் பிடித்து வாசியுங்கள்.

பாட்டியின் அப்பா போனவர்களில் ஒருவர். திரும்பவில்லை.

ஜப்பானுக்குப் போகலாமா என்று பார்க்கிறோம் என்றபோது பாட்டி கோபப்படவில்லை. "அங்க என்னா இருக்கு?" என்று கேட்டார்.

"பூ பாட்டி. அந்த மாசம் மட்டும் பூக்கும்."

"பூ பாக்கவா இவ்ளோ தூரம்?" கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். "பெரட்டுல பேர் கூப்பிட்டாங்களாம். ரயிலு போடணும்னு கூட்டிட்டுப் போனாங்களாம். எங்கம்மா சொல்லும். அந்த ரயிலு இப்ப எங்கடா இருக்கு?"

பதில் எனக்குத் தெரிந்திருந்தது, ஆனால் பாதிதான். போருக்குப் பிறகு பாதையின் பெரும்பகுதியைப் பிடுங்கிவிட்டார்கள். தாய்லாந்துப் பக்கம் நாம் தோக் வரை மிஞ்சியதில் இன்றும் ரயில் ஓடுகிறது. மறுபாதி பதில் இரண்டு வாரம் கழித்து, யாசுக்குனியின் மாதிரி மரத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது.

யாசுக்குனி வளாகத்தில் யூஷூக்கான் என்று ஒரு போர் அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைந்தவுடன், டிக்கெட் வாங்குமுன்பே பார்க்கக்கூடிய முன்கூடத்தில் ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. சி56 வகை, எண் 31. 1936இல் ஜப்பானில் செய்தது. அந்த வகையில் 90 எஞ்சின்களை ராணுவம் தென்கிழக்காசியாவுக்கு எடுத்து வந்தது. ஜப்பானியத் தண்டவாளத்தின் அகலம் 1,067 மில்லிமீட்டர், இங்கே 1,000. அதனால் சக்கரங்களை மாற்றி அமைத்தார்கள். சயாம்-பர்மா பாதை 1943 அக்டோபர் 25இல் திறந்தபோது விழாவில் ஓடியது இந்த எஞ்சின்தான் என்கிறார்கள். போருக்குப் பின் தாய்லாந்து ரயில்வேயில் 1977 வரை உழைத்தது. 1979இல் ஜப்பானுக்குக் கொண்டுவந்து, துடைத்து, கறுப்பு பளபளக்க நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆலயத்தில் சுமார் 24 லட்சத்து 66 ஆயிரம் பெயர்கள் தெய்வமாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஜப்பானுக்காகச் செத்த கொரியர்களும் தைவானியரும் அதில் உண்டு. 1978இல் 14 முதல்நிலைப் போர்க் குற்றவாளிகளின் பெயர்களையும் சேர்த்தார்கள். பட்டியல் போடுவதில் அவ்வளவு கவனம். பாதை போட்ட கூலியின் பெயர் எங்கேயும் இல்லை. எஞ்சினுக்கு எண் இருக்கிறது. மரத்துக்குக்கூட ஓர் அதிகாரி வந்து பூ எண்ணுகிறார்.

டோக்கியோ வேண்டாம் என்று சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்தால், போகாமல் இருப்பதால் அந்தக் கூடத்தில் எதுவும் மாறப்போவதில்லை. அந்த எஞ்சினைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ரயில் பிரியர்களும் ராணுவ ரசிகர்களும். மண்ணைச் சுமந்தவனின் குடும்பத்திலிருந்து ஓர் ஆள் அதன் முன்னால் நின்றால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இருந்தாலும் நிற்க வேண்டும் என்று தோன்றுகிறது. சகுராவின் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. ஒட்டுக்கட்டியவன் கையில் இருந்த கிளை அது. வெட்டிய கொரியர்களும், வெட்டிவிட்டுத் திரும்ப நட்ட கொரியர்களும், பெயரை மாற்றிக் காப்பாற்றிய வாஷிங்டன்காரர்களும் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். நம் வழி நட்டவனையும் தெரிந்துகொண்டு, பூவையும் பார்ப்பதாக இருக்கலாம்.

ஆகவே மார்ச் கடைசியில் நாங்கள் நால்வரும் டோக்கியோ போகிறோம். உவேனோ பூங்கா, சுமிதா ஆற்றங்கரை, அசுக்காயாமா. ஒரு காலை யாசுக்குனிக்கு. "அஞ்சு பூ மரத்தையும் பாத்துட்டு, எஞ்சினையும் பாத்துட்டு, அப்புறம் ராமென் சாப்பிடப் போலாம்" என்று நோண்ட வேண்டாம் என்ற அதே நண்பன்தான் நேரம் ஒதுக்கினான்.

இன்னொரு பயணத்தையும் குறித்து வைத்திருக்கிறேன். அதற்குத் தேதி ஏப்ரல் நடு, சித்திரை பிறந்த பிறகு. கொன்றை தாய்லாந்தின் தேசிய மலர். ஏப்ரலில் அந்த நாடு முழுக்க மஞ்சளாகத் தொங்கும். நம் கணக்கில் சரியான இளவேனில் அதுதான். காஞ்சனபுரியிலிருந்து நாம் தோக் வரை ரயிலில் வெளிநாட்டவருக்கு டிக்கெட் 100 பாட். பாட்டிக்கு எண்பத்தெட்டு வயது, முழங்கால் வலி. பஸ் வேண்டாம், விமானத்தில் பாங்காக், அங்கிருந்து கார் என்று அம்மாவிடம் பேசி வைத்திருக்கிறேன்.

எஞ்சின் ஜப்பானில் இருக்கிறது, பாதை சயாமில் இருக்கிறது என்று பாட்டியிடம் சொன்னேன். யோசித்துவிட்டுக் கேட்டார்: "பாதைல இப்பவும் ரயிலு ஓடுதா?"

"பாதி தூரம் ஓடுது பாட்டி."

"அப்ப அந்தப் பாதி வரைக்கும் போலாம்" என்றார்.